ஈரமணலில் ஏமாற வேண்டாம்

கடற்கரையில் தொலைந்த பொருள்களைத் தேட மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்று கேட்கும் மாணவர்களை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். கடலோர ஊர்ப் பள்ளிகளின் அறிவியல் மன்றங்களுக்கு இந்த ஆசை வருவது இயல்புதான். ஆடி அமாவாசையன்று கடலாட வந்தவர்களில் யாராவது ஒருவர் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு அலையோரம் திகைத்து நிற்பதை அந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். துருப்பிடித்த ஆணியும் தூண்டில் முள்ளும் வெறுங்காலைப் பதம் பார்ப்பதையும் அறிவார்கள். ஒரு கருவி இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

ஆனால் மன்றத்தின் கையில் இருப்பது சிறு தொகை. மாதம் பத்தும் இருபதுமாகச் சேர்த்த பணம். ஒருமுறை தவறான கருவியில் போட்டுவிட்டால் மறுபடியும் சேர்க்க நெடுநாள் ஆகும். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலலை நனைக்கும் மணலில் தேடுவதுதான் நோக்கம் என்றால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான கருவியை வாங்காதீர்கள். அதன் திரை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பெட்டியில் எத்தனை மீட்டர் ஆழம் என்று அச்சிட்டிருந்தாலும் வாங்காதீர்கள். இது என் சொந்த விருப்பு வெறுப்பு அல்ல. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள இயற்பியலே சொல்லும் தீர்ப்பு. எப்படி என்று பார்ப்போம்.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மெட்டல் டிடெக்டரின் அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். ஒன்றில் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மணலுக்குள் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காந்தப்புலம் இறங்குகிறது. அந்தப் புலத்தில் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும். அச்சுழல் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் அதை உணர்ந்து நம் காதுக்கு ஒலியாகத் தருகிறது. அவ்வளவுதான் கதை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கருவிக்குத் தங்கம் என்றோ வெள்ளி என்றோ எதுவும் தெரியாது. மின்சாரம் சுற்றி ஓடக்கூடிய ஏதோ ஒன்று அருகில் இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கடல்நீரும் அப்படி ஒன்றுதானே?

கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. சோடியம், குளோரைடு அயனிகள் அதில் தாராளமாக நடமாடுகின்றன. அதன் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 முதல் 5 சீமென்ஸ் வரை இருக்கும். தாமிரத்தின் கடத்துதிறனோ மீட்டருக்குச் சுமார் 5.8 கோடி சீமென்ஸ். கோடி மடங்கு வேறுபாடு இருக்கும்போது கடல்நீரை ஒரு பொருட்டாக எண்ண வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். எண்ணத்தான் வேண்டும். மோதிரம் இரண்டு மூன்று கிராம் எடையில் ஒரு சாண் ஆழத்தில் எங்கோ ஒரு புள்ளியில் கிடக்கிறது. ஈரமணலோ தட்டை ஒட்டினாற்போல், நாலாபுறமும், பல வாளி அளவுக்கு நிறைந்திருக்கிறது. தொலைவில் பாடும் குயிலைவிடக் காதருகே இரையும் கொசுவே நமக்குப் பெரிதாகக் கேட்கிறது அல்லவா?

தொலைவின் கொடுமை இங்கே மிகவும் கடுமையானது. சுருளைவிட்டு விலக விலக அதன் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. மோதிரத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அவ்வாறே மும்மடியில் குறைகிறது. போகும்போது மூன்று, வரும்போது மூன்று. ஆக ஆறாம் மடி! ஆழம் சுருளின் ஆரத்தைவிட மிகும்போது இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். ஆழம் இரு மடங்கானால் கிடைக்கும் குறிப்பு 64-இல் ஒரு பங்காகிவிடும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் ‘ஆறடி ஆழத்து மோதிரத்தையும் காட்டும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள். 25 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தைத் தெளிவாகக் காட்டினாலே அது நல்ல கருவிதான்.

உப்பு இருந்தால் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும் என்பதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, எல்.இ.டி. ஒன்று, அதனுடன் தொடராக 470 ஓம் மின்தடை ஒன்று, இரண்டு ஆணிகள். இவற்றை இணைத்து, ஆணிகளைக் காய்ந்த உப்புக்குள் செருகுங்கள். விளக்கு எரியாது. காய்ந்த மணலும் உப்பும் கலந்த கலவையிலும் எரியாது. அதே கலவையில் சிறிது நீர் ஊற்றுங்கள், விளக்கு எரியும். உப்புப் படிகத்துக்குள் கட்டுண்டு கிடந்த அயனிகள் நீரில் விடுபட்டுவிட்டன. கடற்கரையிலும் இதேதான் நடக்கிறது. மேட்டில் உள்ள காய்ந்த மணலில் எந்த எளிய கருவியும் ஒழுங்காக வேலை செய்யும். பத்தடி கீழே இறங்கி அலை நனைத்த பகுதிக்கு வந்தால், அதே கருவி ஒன்றுமில்லாத இடத்திலும் அலறும். வாங்கியவர் பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். கருவி பழுதில்லை. அது கடலைக் கண்டுபிடித்திருக்கிறது!

இந்தத் தொல்லை புதியதன்று. 1881 ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசி புகழ் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் கருவியுடன் வந்தார். சோதனைச் சாலையில் நன்றாக இயங்கிய கருவி, நோயாளியின் படுக்கையருகே தெளிவில்லாத ஒலியைப் பரந்த இடமெங்கும் எழுப்பியது. படுக்கையின் அடியில் எஃகுக் கம்பி மெத்தை இருந்தது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. மருத்துவர் தேடச் சொன்னது உடலின் வலப்பக்கம். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பெல் எதைத் தேடினார் என்பது எல்லாருக்கும் தெரியும். எதற்கு நடுவில் தேடினார் என்பதுதான் அன்று கவனிக்கப்படாமல் போனது. ஈரமணல் நம்முடைய கம்பி மெத்தை. எனவே கருவி வாங்கும்போது ‘இது எதையெல்லாம் காட்டும்?’ என்று கேட்பதைவிட ‘இது எதையெல்லாம் கண்டுகொள்ளாமல் இருக்கும்?’ என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

உப்பை மட்டும் கண்டுகொள்ளாமல் இருப்பது ஒற்றை அதிர்வெண் கருவிக்குக்கூட இயலும். உப்புநீரில் எழும் குறிப்பு, செலுத்தும் அலையிலிருந்து ஒரு குறிப்பிட்ட கட்ட வேறுபாட்டுடன் வருகிறது. அந்தக் கட்டத்தில் வருவதை மட்டும் தள்ளிவிடும்படி கருவியைத் திருகி வைத்துவிடலாம். தரைச் சமன் செய்தல் என்று இதற்குப் பெயர். ஆனால் கடற்கரையில் உப்பு தனியாக இல்லை. சின்ன வயதில் ஒரு காந்தத்தை மணலில் புரட்டி விளையாடியிருப்பீர்கள். மீசை முளைத்தாற்போல் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அதில் மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடு இருக்கிறது. நம் தென்கோடியில் மணவாளக்குறிச்சி போன்ற இடங்களில் இல்மனைட், கார்னட் முதலிய கன கனிமங்கள் கரையையே கறுப்பும் சிவப்புமாக்கி வைத்திருக்கின்றன. மாக்னடைட் மின்சாரத்தைப் பெரிதாகச் சுற்றவிடாது. ஆனால் காந்தப்புலத்தையே திரட்டி வளைக்கும். அதன் குறிப்பு வேறொரு கட்டத்தில் வரும். உப்பும் கறுப்பு மணலும் சேர்ந்த மொத்தக் குறிப்பு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஓர் அலை வந்து போனால் ஈரம் மாறும். அந்த ‘நடுவு’ இடம் மாறிவிடும். நீங்கள் திருகி வைத்த சமன் கெட்டுவிடும். தட்டை மணலிலிருந்து இரண்டு விரல்கடை தூக்கினாலும் உப்பின் குறிப்பு மாறும். அலைக்கு அலை திருகிக்கொண்டேயிருக்க யாரால் முடியும்?

இங்கேதான் இரண்டு அதிர்வெண்களின் பயன் தெரிகிறது. நீங்கள் போடும் ஒருங்கமை சமன்பாடு நினைவிருக்கிறதா? இரண்டு தெரியாத அளவுகள் இருந்தால் இரண்டு சமன்பாடு வேண்டும். உப்புநீரின் குறிப்பு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் கூடும். 5 கிலோ ஹெர்ட்ஸில் அது 1 என்றால் 15 கிலோ ஹெர்ட்ஸில் 3. மோதிரத்தில் அப்படி இல்லை. நல்ல கடத்தியாதலால் அதன் குறிப்பு அந்த விகிதத்தில் உயராது, சற்றுக் குறையவும் கூடும். கணக்குக்காக முதலாவதில் 10, இரண்டாவதில் 8 என்று வைத்துக்கொள்வோம். முதல் அளவீட்டை மூன்றால் பெருக்கி, இரண்டாவதைக் கழியுங்கள். உப்புக்கு 3-லிருந்து 3 போக மிச்சம் சுழி. மோதிரத்துக்கு 30-லிருந்து 8 போக 22. உப்பு மறைந்துவிட்டது, மோதிரம் நிற்கிறது! கறுப்பு மணலை நீக்க மேற்கொண்டு வேண்டிய சமன்பாட்டைக் கட்ட வேறுபாடு தருகிறது. உண்மையான கருவிக்குள் இருக்கும் நுண்செயலி செய்வது இதைவிடச் சிக்கலானது. ஆனால் தத்துவம் இதுவே. இப்படிப் பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கருவிகள் 1990-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. விலைதான் நெடுங்காலம் எட்டாத உயரத்தில் இருந்தது.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ‘அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கலாம்’ என்பதும் ‘பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் 5, 10, 15 என்று நாலைந்து எண்கள் இருக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். ஒரு நேரத்தில் ஒரு சமன்பாடு என்றால் கணக்கு எப்படித் தீரும்?

இன்னொரு சொல் ‘நீர் புகாதது’. பலர் ஏமாறும் இடம் இதுதான். துருக்கியின் நோக்டா நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் என்னும் கருவியை மூன்று மீட்டர் நீருக்குள் அப்படியே மூழ்கடிக்கலாம். ஆயினும் அது 12 கிலோ ஹெர்ட்ஸ் என்ற ஒற்றை அதிர்வெண்ணில் இயங்குவது. கடற்கரைக்கென்று ஒரு நிலை அதில் உண்டு. உணர்திறனைக் குறைத்துக்கொண்டு பொறுமையாகத் தேடுபவர்கள் சமாளிக்கிறார்கள். ஏரி, ஆறு, காய்ந்த மணல் என்றால் அதை நானே பரிந்துரைப்பேன். அதே 2019-இல் ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் வெளியிட்ட வான்குவிஷ் வரிசையில் தட்டு மட்டுமே நனையலாம். மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. ஆனால் அது பல அதிர்வெண் கருவி. ஈரமணலில் அமைதியாக இருக்கும். அதன் எளிய வகை, அதே நிறுவனத்தின் உயர்ந்த வகையான ஈக்வினாக்ஸின் விலையில் பாதிகூட இல்லை. நீர் புகாமை என்பது பெட்டியின் குணம். உப்பைப் பொறுத்துக்கொள்வது மின்சுற்றின் குணம். இரண்டும் வேண்டுமென்றால் 2022-இல் வந்த நோக்டாவின் லெஜண்டு போன்றவை இருக்கின்றன; பணமும் அதற்கேற்பக் கூடும். முழங்காலளவு நீருக்குமேல் இறங்கப் போவதில்லை என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண். பள்ளிப் பிள்ளைகள் அதற்குமேல் இறங்கவும் கூடாது.

பணம் இதற்கும் போதவில்லை என்றால்? அப்போதும் மலிவான ஒற்றை அதிர்வெண் கருவிக்குப் போகாதீர்கள். துடிப்புத் தூண்டல் என்றொரு முறை இருக்கிறது. மன்றத்தார் கூடிக் கையாலேயே செய்துகொள்ளலாம். இதில் தொடர் அலை கிடையாது. சுருளில் ஒரு கணம் மின்னோட்டத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துகிறோம். காந்தப்புலம் சரியும்போது சுற்றியுள்ள கடத்திகளிலெல்லாம் சுழல் மின்னோட்டம் எழுகிறது. கடல்நீரின் மின்தடை மிகுதி. அதில் எழுந்தது சில மைக்ரோ விநாடிகளில் ஓய்ந்துவிடும். மோதிரத்தில் எழுந்தது பல பத்து மைக்ரோ விநாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் செய்ய வேண்டியது, பத்துப் பதினைந்து மைக்ரோ விநாடி பொறுத்துவிட்டுக் காதைக் கொடுப்பது. கோயில் மணியை அடித்தபின் கூட்டத்தின் இரைச்சல் அடங்கிய பிறகும் ரீங்காரம் கேட்கிறதே, அதுபோல. கறுப்பு மணலும் இதைப் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை.

555 டைமர், ஒரு மாஸ்ஃபெட், ஒரு செயல்படு பெருக்கி, 20 சென்டிமீட்டர் விட்டத்தில் எனாமல் பூசிய தாமிரக் கம்பியில் சுமார் 25 சுற்று. நகரத்து மின்னணுக் கடைகளில் கிடைக்கும் சாமான்களே. ஆசிரியர் ஒருவரைக் கட்டாயம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை நிறுத்தும் கணத்தில் சுருளின் முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தோன்றும். குறையும் உண்டு. இரும்பா தங்கமா என்று இது நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது; எல்லா உலோகத்துக்கும் ஒரே ஓசைதான். ஆனால் கரையைச் சுத்தம் செய்யப் புறப்பட்ட மன்றத்துக்கு ஆணியும் தேவை, மோதிரமும் தேவை. அங்கே அது குறையே இல்லை.

‘தங்கத்தை மட்டும் காட்டும்’ என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருவியின் திரையில் தோன்றும் எண் உலோகத்தின் பெயர் அல்ல. அப்பொருளில் சுழல் மின்னோட்டம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவு. கடத்துதிறன், பருமன், வடிவம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. சிறு தங்க மோதிரமும் கசங்கிய அலுமினியத் தாளும் ஒரே எண்ணைத் தரும். அலுமினியத்தை ஒதுக்கு என்று கருவிக்குக் கட்டளையிட்டால் மோதிரத்தையும் ஒதுக்கிவிடும். மெல்லிய தங்கச் சங்கிலியின் நிலை இன்னும் மோசம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையம். மின்னோட்டம் விரைவில் ஓய்ந்து, உப்புநீரின் குறிப்போடு கலந்துவிடுகிறது. உப்பைத் தள்ளும் எந்தக் கருவியும் இத்தகைய சங்கிலியில் ஒரு பகுதியைச் சேர்த்தே தள்ளும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த இழப்பு முழுதாக நீங்காது. இதை மறைத்து விற்பவரை நம்பாதீர்கள்.

வாங்குமுன் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு வீதம் கரைத்து, பத்து லிட்டரைத் தடித்த பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. உலோகமில்லாத இடத்தில் பையை வைத்து, கருவியின் உணர்திறனை முழுதும் ஏற்றி, தட்டைப் பையின்மேல் ஒட்டினாற்போல் வீசுங்கள். அலறினால், பிறகு உணர்திறனை எவ்வளவு குறைத்தால் அடங்குகிறது என்று பாருங்கள். அந்த நிலையில் பைக்கு அடியில் ஒரு மோதிரத்தை வைத்து, அது கேட்கிறதா என்றும் பாருங்கள். கடற்கரையின் உப்பு இந்தப் பையைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே இங்கே தடுமாறும் கருவி அங்கே தேறாது.

கரையில் தேடும்போது, கருவி முணுமுணுத்தால் உணர்திறனைத் தயங்காமல் குறையுங்கள். பலர் இதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள்! இரைச்சலில்லாத 15 சென்டிமீட்டர், இரைச்சலோடு கூடிய 30 சென்டிமீட்டரைவிட மேல். தட்டை ஒரே உயரத்தில், மெதுவாக, கரைக்கு இணையாக வீசுங்கள். அப்போது ஈரம் அதிகம் மாறாது. தோண்டிய குழியை உடனே மூடுங்கள். மாலையில் ஓடிவரும் குழந்தையின் கால் அதில் இறங்கலாம்.

எல்லா இடத்திலும் தேடலாம் என்றும் எண்ணாதீர்கள். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலைச் சுற்றியுள்ளது போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தோண்டச் சட்டம் இடந்தராது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் எதுவானாலும், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நேற்றுத் தொலைந்த மோதிரம் புதையல் ஆகாது. அதற்கு உரியவர் இருக்கிறார். அவரைத் தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மன்றத்துக்கென்று ஒரு பதிவேடு வைத்து, நாள், இடம், ஆழம், பொருள் எல்லாவற்றையும் குறித்து வாருங்கள்.

வீடு திரும்பியதும் தட்டை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கும். அதைக் கழற்றி உட்புறத்தையும் கழுவ வேண்டும். இடுக்கில் ஈரமணல் தங்கிவிட்டால், அடுத்த முறை காய்ந்த மேட்டு மணலில்கூடக் கருவி முணுமுணுக்கக் காண்பீர்கள்.